அடித்தவர் கட்டினாரா, நாம் கட்டினோமா? காவல்துறை இழப்பீட்டுக் கணக்கைக் கேட்டு வாங்குவது எப்படி

திங்கட்கிழமை காலையில் திருப்பூர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்க இடம் இருக்காது. குறைதீர்க்கும் நாள். பட்டா மாறவில்லை, முதியோர் பென்ஷன் நின்றுபோனது, தோட்டத்துக்குப் போகிற தடத்தைப் பக்கத்துக் காட்டுக்காரர் அடைத்துவிட்டார் என்று ஆளாளுக்கு ஒரு தாளோடு நிற்பார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு அங்கே மனு எழுதிக் கொடுப்பது என் வழக்கம். அப்படி ஒரு திங்களன்று, தறி ஓட்டிப் பிழைத்த பெரியவர் ஒருவர் மடிப்பு நைந்த செய்தித்தாள் துண்டு ஒன்றை என்னிடம் நீட்டினார். நாலு வரிச் செய்தி. ஒரு காவல் நிலையத்தில் விசாரணைக்கு அழைத்துப் போன இளைஞரை அடித்ததற்காக 1 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி மனித உரிமை ஆணையம் சொல்லியிருந்தது. அடிபட்டவர் அவருடைய தம்பி மகன். பணமும் கைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டதாம்.

“ஏனுங்க அம்மிணி, இந்த லட்ச ரூவா ஆரு ஊட்டுக் காசுங்க? அடிச்சவரு கையிலிருந்து குடுத்தாருங்களா, இல்ல நாமெல்லாம் கட்டுன வரிப்பணமுங்களா?”

“தெரியலீங்க அப்பாரு. ஆனாக் கேட்டுப் பாக்கலாமுங்க” என்றேன்.

எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் சட்டம் என்ன சொல்கிறது என்பதுதான். அந்தக் குறிப்பிட்ட லட்சம் எந்தக் கணக்கிலிருந்து கிளம்பியது, திரும்பி வந்ததா இல்லையா என்பது ஏதோ ஓர் அலுவலகத்து அலமாரியில் ஒரு கோப்பில் இருந்தது. அந்தக் கோப்பைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. அவர் அடிபட்டவரின் பெரியப்பா என்பதுகூட இதில் முக்கியம் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, இந்தியக் குடிமக்கள் எல்லோருக்கும் அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. ஏன் கேட்கிறாய் என்று அதிகாரி திருப்பிக் கேட்கவும் கூடாது. பிரிவு 6(2) அதைத் தடுக்கிறது.

அந்தப் பெரியவருக்காக மனு எழுதியபோது கற்றுக்கொண்டதை, இதுவரை ஒரு தகவல் மனுவும் போட்டிராதவர்களை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

காசு யார் பெட்டியிலிருந்து போகிறது

இந்த விஷயத்தில் நம்மில் பலர் செய்திகளில் கேள்விப்பட்டிருப்பது அமெரிக்க ஊர்களின் கதையைத்தான். அங்கே காவல்துறை பெரும்பாலும் அந்தந்த நகர நிர்வாகத்தின் கீழ் இருக்கிறது. போலீஸ்காரர் தவறு செய்து வழக்கு வந்தால், நகர நிர்வாகமே பாதிக்கப்பட்டவரோடு பேசி, ஒரு தொகை கொடுத்து, ஒப்பந்தம் எழுதி வழக்கை முடித்துக்கொள்ளும். சிகாகோவில் 2014 அக்டோபரில் 17 வயது இளைஞர் ஒருவரை ஒரு காவலர் 16 முறை சுட்டுக் கொன்றார். 2015 ஏப்ரலில் நகர மன்றம் அந்தக் குடும்பத்துக்கு 50 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புதல் தந்தது. அதுவரை வழக்கே தொடுக்கப்படவில்லை. சுட்ட காட்சி பதிவான வீடியோவும் வெளிவரவில்லை. ஒரு பத்திரிகையாளர் அந்த மாநிலத்தின் தகவல் சட்டத்தின்கீழ் வீடியோவைக் கேட்டு, மறுத்தபோது நீதிமன்றம் போனார். நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, அதே ஆண்டு நவம்பரில் வீடியோ வெளியானது. சுட்ட காவலர் 2018-இல் குற்றவாளி என்று தீர்ப்பானது. பணம் கொடுத்து முடித்த பிறகும் தாள் கேட்க ஆள் இருந்ததால் மீதி உண்மை வெளியே வந்தது. இல்லினாய்ஸ் மாநிலத் தகவல் சட்டம், அரசு அமைப்புகள் செய்துகொள்ளும் சமரச ஒப்பந்தங்கள் பொது ஆவணம் என்று தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது.

இதை அப்படியே நம் ஊருக்குப் பொருத்தினால் முதல் அடியே சறுக்கும். கோவை மாநகரக் காவல் என்று பெயரில் மாநகரம் இருக்கிறதே தவிர, கோவை மாநகராட்சிக்கும் அந்தக் காவல்துறைக்கும் நிர்வாகத் தொடர்பு கிடையாது. அரசியல் சாசனத்தின்படி காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. நம் கொங்குப் பக்கத்தில் கோவை, திருப்பூர், சேலம் ஆகிய மூன்று மாநகரங்களில் கமிஷனர் இருக்கிறார். மற்றப்படி மாவட்டத்துக்கு ஓர் எஸ்.பி. எல்லோருக்கும் மேலே சென்னையில் டி.ஜி.பி. அலுவலகமும், அதற்கும் மேலே தலைமைச் செயலகத்தில் உள்துறை, மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையும் இருக்கின்றன. ஈரோட்டில் ஒரு காவலர் அடித்ததற்கு இழப்பீடு கொடுத்தாலும் அரசாணை போடுவது அந்த உள்துறைதான். அதனால் மாநகராட்சிக்கு மனு போட்டால் அங்கே ஒன்றும் இருக்காது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நம் ஊரில் அரசு உட்கார்ந்து பேசி, இவ்வளவு வாங்கிக்கொள் என்று ஒப்பந்தம் எழுதுவது வழக்கமில்லை. ஆணையமோ நீதிமன்றமோ சொல்லித்தான் பணம் வரும். ஆகவே சமரச ஒப்பந்தத்தின் நகல் என்று கேட்டால், அப்படி ஓர் ஆவணம் இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். அந்தப் பதில் பொய்யும் இல்லை. கேட்ட பெயர்தான் தவறு. உத்தரவு, பரிந்துரை, அரசாணை, வழங்கல் ஆணை, பிடித்தம் என்று இங்கே புழங்குகிற பெயரில் கேட்க வேண்டும்.

இழப்பீடு வரும் வழிகள்

போலீஸ் செய்த தவறுக்கு அரசு பணம் கட்ட வேண்டும் என்பதே நம் நாட்டில் சுலபமாக வந்த விஷயம் இல்லை. நாடு பிரிந்த 1947-இல் அமிர்தசரஸ் நகை வியாபாரி ஒருவரை மீரட்டில் போலீஸ் பிடித்தது. அவரிடமிருந்து வாங்கி வைத்த தங்கத்தோடு ஒரு தலைமைக் காவலர் பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். கஸ்தூரிலால் வழக்கு என்று அதைச் சொல்வார்கள். காவல் பணி அரசின் இறையாண்மைப் பணி, அதில் நடந்த தவறுக்கு அரசு நட்டஈடு தர வேண்டியதில்லை என்று 1960-களில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பிறகு காற்று மாறியது. விடுதலைத் தீர்ப்பு வந்த பிறகும் 14 வருடம் பீகார் சிறையில் கிடந்த ருதுல் சா என்பவருக்கு, 1983-இல் உச்ச நீதிமன்றம் 35,000 ரூபாய் கொடுக்க வைத்தது. ஒடிசாவில் போலீஸ் காவலில் மகனை இழந்த நீலாவதி பெஹரா என்ற தாய்க்கு 1993-இல் 1,50,000 ரூபாய் கிடைத்தது. அடிப்படை உரிமை மீறப்பட்டால் அரசு பொறுப்பு என்பது அந்தத் தீர்ப்போடு உறுதியானது. இன்றைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் காவல் மரண வழக்கில் அரசை இழப்பீடு கட்டச் சொல்கிறதென்றால், அந்த அடித்தளத்தில் நின்றுதான்.

நம் பக்கத்து மலைகளில் இது பெரிய அளவில் நடந்திருக்கிறது. வீரப்பன் தேடுதல் வேட்டையில் சத்தியமங்கலம், அந்தியூர், கொளத்தூர் பக்கத்து மலை ஊர்களில் கூட்டு அதிரடிப்படை செய்த கொடுமைகளை விசாரிக்க, தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு குழு அமைத்தது. 2007 ஜனவரியில் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 லட்சம் ரூபாய் கொடுக்க ஆணையம் சொன்னது. கொங்கின் வடக்கு எல்லையில் தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் 1992 ஜூனில் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து நடத்திய வெறியாட்டத்துக்கு, 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இன்னும் நெருக்கமாகப் படிக்க வேண்டியது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய். அதில் பாதியை அந்தக் குற்றத்தைச் செய்தவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. பெரியவர் கேட்ட கேள்வியை ஒரு நீதிபதியும் கேட்டு, பாதிக்குப் பாதி என்று பதிலையும் எழுதிவிட்டார்.

முதலமைச்சரின் பொது நிவாரண நிதி என்று ஒன்று உண்டு. 2021 ஜூனில் சேலம் மாவட்டத்தில் ஒரு சோதனைச்சாவடியில் காவலர் அடித்ததில் ஒரு வியாபாரி இறந்தபோது, அந்தக் குடும்பத்துக்கு அந்த நிதியிலிருந்து 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. அது நிவாரணம். இழப்பீடு என்று செய்தியில் எழுதினாலும் கணக்கு வேறு, கோப்பு வேறு. மனு எழுதும்போது இரண்டையும் குழப்பிக்கொண்டால் பதில் வராது.

சாதாரணமாக நம் ஊரில் அடி, சட்டவிரோதக் காவல், பொய் வழக்கு போன்ற புகார்கள் போய்ச் சேரும் இடம் மாநில மனித உரிமை ஆணையம். 1993-ஆம் ஆண்டு மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1997 முதல் இயங்குகிறது. சென்னை கிரீன்வேஸ் சாலையில் அலுவலகம். கோவையிலும் முகாம் அமர்வு நடத்தி விசாரிக்கிறார்கள். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் புகார் போக வேண்டும். விசாரித்து உரிமை மீறல் உண்டு என்று முடிவானால், ஆணையம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் எழுதும்: அரசு இத்தனை ரூபாயைப் புகார்தாரருக்குக் கொடுக்கட்டும், அந்தத் தொகையைச் சம்பந்தப்பட்ட அதிகாரியிடமிருந்து பிடித்துக்கொள்ளட்டும், துறை நடவடிக்கையும் எடுக்கட்டும்.

ரொம்ப காலம் இது வெறும் பரிந்துரைதானே என்று தள்ளிப்போடும் பழக்கம் இருந்தது. 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிந்தைய பரிந்துரைகள் என்ன ஆயின என்று கேட்பதற்கு அந்தத் தீர்ப்பு ஒரு நல்ல தொடக்கத் தேதி.

நான்கு தாள்

இனி மனு. எதைக் கேட்பது என்று குழம்ப வேண்டாம். ஒரு புகார் பணமாக முடிந்தது என்றால் அது நான்கு தாள்களைப் பின்னால் விட்டுவிட்டுப் போயிருக்கும்.

முதல் தாள் ஆணையத்தின் அல்லது நீதிமன்றத்தின் உத்தரவு. என்ன நடந்தது, யார் மீது தவறு, எவ்வளவு தொகை என்பது அதில் இருக்கும். உயர் நீதிமன்றத் தீர்ப்பாக இருந்தால் மனுவே வேண்டாம், நீதிமன்றத்தின் இணையதளத்தில் வழக்கு எண்ணைப் போட்டால் கிடைத்துவிடும். இரண்டாவது தாள் அரசாணை, அதாவது உள்துறை அந்த உத்தரவை ஏற்றுப் பணம் ஒதுக்கியது. மூன்றாவது, பணம் பட்டுவாடா ஆன ஆவணம்: எந்தத் தேதியில், எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து என்பது. நான்காவது, அந்தத் தொகை அதிகாரியிடமிருந்து வசூலான ஆவணம். சம்பளப் பிடித்தமாக இருக்கலாம், கருவூலத்தில் கட்டிய சலானாக இருக்கலாம்.

முதல் மூன்றும் பெரும்பாலும் கிடைத்துவிடும். நான்காவதுதான் கடினம். மனு போடுகிறவர்கள் பலரும் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பது எனக்கு ஆதங்கம். அரசாணையில் பிடித்தம் செய்யப்படும் என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, பிடித்துவிட்டார்கள் என்று நம்பிக்கொள்கிறோம். எழுதியதற்கும் செய்ததற்கும் நடுவே எத்தனையோ நடக்கலாம். அந்த அதிகாரி உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியிருக்கலாம், ஓய்வு பெற்றிருக்கலாம், மாதம் 2,000 ரூபாய் வீதம் மெதுவாகப் பிடித்துக்கொண்டிருக்கலாம், கோப்பு அப்படியே தூங்கவும் தூங்கலாம். நான்காவது தாள் இல்லாமல் பெரியவரின் கேள்விக்கு விடை இல்லை.

கேட்கும் விதம்

தகவல் என்பதற்குச் சட்டம் கொடுக்கும் பொருள், ஏற்கெனவே பதிவில் இருப்பது. ஏன் அடித்தீர்கள், ஏன் இன்னும் பிடித்தம் செய்யவில்லை, இது நியாயமா என்றெல்லாம் கேட்டால் அது தகவல் அல்ல என்று சொல்லிவிடுவார்கள். சட்டப்படி அவர்கள் சொல்வது சரி. கோபம் எவ்வளவு இருந்தாலும் மனுவில் ‘ஏன்’ வேண்டாம். ‘நகல் தருக’ என்று இருக்கட்டும். ‘ஏன் பிடித்தம் செய்யவில்லை’ என்பதை ‘பிடித்தம் செய்தது தொடர்பான ஆவணங்களின் நகல், பிடித்தம் செய்யப்படவில்லை எனில் அது குறித்த கோப்புக் குறிப்புகளின் நகல்’ என்று மாற்றினால் அதே கேள்வி தாளாக மாறிவிடுகிறது.

பெரியவருக்காக எழுதிய மனுவின் நடுப்பகுதி ஏறத்தாழ இப்படி இருந்தது. ஊரையும் எண்ணையும் மாற்றி நீங்களும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

“தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன் கீழ் கீழ்க்கண்ட ஆவணங்களின் நகல்களை வழங்கக் கோருகிறேன். மாநில மனித உரிமை ஆணையத்தின் இன்ன எண் கொண்ட வழக்கில், இன்ன தேதியிட்ட பரிந்துரையின் பேரில் வெளியிடப்பட்ட அரசாணையின் நகல். மேற்படி இழப்பீட்டுத் தொகை வழங்கப்பட்டதற்கான ஆணை, வழங்கிய தேதி, கணக்குத் தலைப்பு அடங்கிய ஆவணத்தின் நகல். மேற்படி தொகை சம்பந்தப்பட்ட அலுவலர்களிடமிருந்து வசூலிக்கப்பட்டதற்கான பிடித்த விவரம் அல்லது செலுத்துச் சலானின் நகல். வசூலிக்கப்படவில்லை எனில், வசூல் தொடர்பான கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல். ஏதேனும் ஒரு பகுதி விலக்கு அளிக்கப்பட்டது எனக் கருதினால், பிரிவு 10-இன்படி அந்தப் பகுதியை மட்டும் நீக்கிவிட்டு மீதியை வழங்கக் கோருகிறேன்.”

இது ஒரே வழக்குக்கு. ஒரு மாவட்டம் முழுவதும் எத்தனை பேருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டால் காலத்தைக் குறுக்கிக் கேளுங்கள். பத்து வருடத்தை ஒரே மனுவில் கேட்டால், இதைத் திரட்ட அலுவலகத்தின் ஆள்பலமெல்லாம் போய்விடும் என்று பிரிவு 7(9)-ஐக் காட்டலாம். 2022 ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று ஒரு வருடம் கேளுங்கள்; அடுத்த வருடத்துக்கு அடுத்த மனு. நகல் கொடுப்பது சிரமம் என்றால் நேரில் வந்து கோப்பைப் பார்வையிட அனுமதி வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடலாம். சட்டம் அதையும் அனுமதிக்கிறது.

மனு தமிழிலேயே இருக்கலாம். 10 ரூபாய் கட்டணம். நீதிமன்ற வளாகத்துப் பக்கம் வெண்டர்களிடம் கிடைக்கும் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் வில்லையை மனுவில் ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர் சான்று வைத்தால் அதுவும் வேண்டாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அந்த அலுவலகத்தில் தகவல் மனுக்களை வாங்கிப் பதில் தரும் பொறுப்பில் இருக்கும் பொதுத் தகவல் அலுவலரே அதை எழுதிக்கொள்ள உதவ வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அந்த விதி இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

யாருக்கு அனுப்புவது? அரசாணைக்கும் பணம் கொடுத்த கணக்குக்கும் சென்னைத் தலைமைச் செயலக உள்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு. பிடித்த விவரத்துக்கு அந்த அதிகாரி சம்பளம் வாங்கிய கமிஷனர் அலுவலகத்துக்கோ எஸ்.பி. அலுவலகத்துக்கோ. ஆணையத்தின் உத்தரவுக்கு ஆணையத்துக்கே. ஒரே மனுவை ஓர் இடத்துக்குப் போட்டுவிட்டு, மாற்றி அனுப்பட்டும் என்று விடலாம்தான். பிரிவு 6(3)-இன்படி ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்ற வேண்டும். ஆனால் மாற்றிய மனு எங்கே போனது என்று தேடிக்கொண்டிருப்பதைவிட, தனித்தனியாகப் போட்டுவிடுவது நல்லது என்பது என் அனுபவம். கூட ஒரு 10 ரூபாய்தான் செலவு. ஒப்புகையோடு தபாலில் அனுப்பி, ரசீதை மனுவின் நகலோடு பின் அடித்து வையுங்கள். பின்னால் எல்லாம் அந்தத் தேதியை வைத்துத்தான் நடக்கும்.

இந்த இடத்தில் ஓர் அவசரக் குறிப்பு. பணம் தொடர்பான தாள் ஓடிப்போய்விடாது, ஆறு மாதம் கழித்தும் கேட்கலாம். காவல் நிலைய சிசிடிவி பதிவு அப்படி இல்லை. எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைத்துப் பதிவைப் 18 மாதம், முடியாத நிலையில் குறைந்தது ஒரு வருடம் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவு போட்டது. அந்தக் காலம் தாண்டினால் பதிவு அழிந்துபோகலாம். சம்பவம் நடந்த வாரத்திலேயே, பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒருவரைக் காவலில் வைத்திருக்கும்போதே அவரைப் பற்றித் தகவல் வேண்டுமென்றால், உயிரும் சுதந்திரமும் சம்பந்தப்பட்ட தகவலுக்கு 48 மணி நேரக் கெடு உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

மறுப்பு வந்தால்

சாதாரண மனுவுக்கு 30 நாள். அதற்குள் வரும் பதில் மறுப்பாக இருந்தால் பெரும்பாலும் மூன்றில் ஒரு காரணம் இருக்கும்.

விசாரணைக்கு இடையூறு என்பது ஒன்று, பிரிவு 8(1)(எச்). வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது, தகவலைக் கொடுப்பதால் விசாரணை எப்படித் தடைபடும் என்று அதிகாரி காட்ட வேண்டும் என்று 2007-இல் டெல்லி உயர் நீதிமன்றம் பகத் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. நாம் கேட்பது இழப்பீடு கொடுத்து முடிந்த விஷயம். ஆணையத்தின் விசாரணை முடிந்ததால்தான் பணமே வந்தது. மேல்முறையீட்டில் இதை அப்படியே எழுதலாம்.

இரண்டாவது, குறிப்பிட்ட சில காவல் பிரிவுகளுக்கு விலக்கு உண்டு என்பது. பிரிவு 24(4)-இன்படி உளவு, பாதுகாப்பு அமைப்புகளுக்கு மாநில அரசு விலக்கு அளிக்கலாம். ஆனால் அதே பிரிவு, ஊழல் குற்றச்சாட்டும் மனித உரிமை மீறல் குற்றச்சாட்டும் அந்த விலக்குக்குள் வராது என்கிறது. மனித உரிமை மீறல் என்றால் மாநிலத் தகவல் ஆணையத்தின் ஒப்புதலோடு 45 நாளில் தர வேண்டும். மற்றபடி சாதாரணச் சட்டம் ஒழுங்குக் காவல் நிலையம் இந்த விலக்கில் சேராது.

மூன்றாவதுதான் இப்போது பெரிய தடை. தனிப்பட்ட தகவல், பிரிவு 8(1)(ஜே). ஓர் அலுவலர் மீதான துறை நடவடிக்கை, மெமோ, தண்டனை எல்லாம் அவருக்கும் துறைக்கும் இடையிலான தனிப்பட்ட விஷயம் என்று 2012-இல் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகும்கூட, பெரிய பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்ற வாசகம் அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்தது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை வெட்டி, தனிப்பட்ட தகவல் என்ற சொல்லோடு நிறுத்திவிட்டது. இந்தத் திருத்தம் எனக்குக் கவலை தருகிறது. அடித்தவரின் பெயரே தனிப்பட்ட தகவல் என்று ஆகிவிட்டால் நான்காவது தாளின் கதவில் ஒரு பூட்டு கூடிவிடும்.

ஆனாலும் வழி அடைபடவில்லை. பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது: வெளியிடுவதால் வரும் பொதுநலன், மறைப்பதால் காக்கப்படும் நலனைவிடப் பெரிதென்றால் தகவலைத் தரலாம். அப்புறம், நாம் கேட்பது அந்த அதிகாரிக்குக் கிடைத்த மெமோவை அல்ல. அரசுக் கணக்கிலிருந்து போன 1 லட்சம் அரசுக் கணக்குக்குத் திரும்பி வந்ததா என்பதை. அது அரசின் வரவு செலவு. பெயரை மறைத்துவிட்டுத் தொகையையும் தேதியையும் மட்டும் கொடுத்தாலும் எனக்குப் போதும் என்று எழுதிவிட்டால், தனிப்பட்ட தகவல் என்று மறுப்பது கடினமாகிவிடும். மனித உரிமைச் சட்டத்தின் பிரிவு 18-ம் நமக்குத் துணை நிற்கிறது. விசாரணை அறிக்கையையும், அதன்மேல் அரசு சொன்ன பதிலையும், எடுத்த நடவடிக்கையையும் ஆணையம் வெளியிட வேண்டும் என்று அது சொல்கிறது. ஒரு சட்டம் வெளியிடச் சொல்வதை இன்னொரு சட்டத்தின் பெயரால் மூடுவது எப்படி என்று மேல்முறையீட்டில் கேட்கலாம். அங்கே ‘எப்படி’ என்று கேட்கத் தடையில்லை.

மறுப்பு வந்தாலும், 30 நாள் கடந்து ஒன்றுமே வராவிட்டாலும் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அவர் 30 நாளில், அதிகம் போனால் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் சரியில்லை என்றால் 90 நாளுக்குள் சென்னையில் இருக்கும் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. அங்கே பொறுமை வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். தகுந்த காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் போடலாம். கெடு தாண்டிக் கொடுக்கும் நகலுக்குப் பக்கக் கட்டணமும் வாங்கக் கூடாது.

கிடைத்த தாளை என்ன செய்வது என்பதில் ஒரே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். உத்தரவில் பாதிக்கப்பட்டவரின் பெயர், முகவரி, உடம்பில் பட்ட காயங்கள் வரை இருக்கும். அது அவருடைய வலி. வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன் அந்த வரிகளை மறைத்துவிடுங்கள். பாலியல் வன்கொடுமை வழக்கென்றால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம்.

பெரியவரின் மனுவுக்கு 27-ஆவது நாள் ஒரு கடிதம் வந்தது. மூன்று பக்கத்துக்கு, பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 6 ரூபாய் கட்டச் சொல்லியிருந்தார்கள். கட்டினோம். அரசாணை வந்தது, பணம் வழங்கிய ஆணையும் வந்தது. அரசாணையின் கடைசிப் பத்தியில் தொகையைச் சம்பந்தப்பட்ட அலுவலரிடம் வசூலிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. மூன்றாவது பக்கம் வெறும் முகப்புக் கடிதம். வசூலைப் பற்றிக் கேட்ட இரண்டு இனங்களுக்கும் எதிரே ‘தனிப்பட்ட தகவல்’ என்று மட்டும் இருந்தது.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வார்த்தையை எழுத்துக் கூட்டிப் படித்தார். “எங்க பையன் முதுகு தனிப்பட்டது இல்லீங்களா அம்மிணி?” என்றார். அந்தத் திங்கட்கிழமையே முதல் மேல்முறையீட்டை எழுதி முடித்தோம். கலெக்டர் ஆபீஸிலிருந்து தபால் ஆபீஸுக்கு அவரே எடுத்துக்கொண்டு போனார். ரசீதை அந்தப் பழைய செய்தித்தாள் துண்டோடு சேர்த்து மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.